வீதிக் காவலும் பொதுப் பணமும்

நாற்சந்தியில் நின்று கைகாட்டும் போக்குவரத்துக் காவலரை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அவர் கையை உயர்த்தினால் வண்டிகள் நிற்கின்றன. குழந்தைகள் அச்சமின்றி வீதியைக் கடக்கிறார்கள். அந்தக் காவலருக்குச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்று எப்பொழுதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? இது கணக்கர் கேட்க வேண்டிய கேள்வி, வரலாறு படிப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுண்டு. போர்களையும் உடன்படிக்கைகளையும் போலவே வரவு செலவுக் கணக்குகளும் வரலாற்றுச் சான்றுகளே. ஓர் அரசு எதனைப் பெரிதாக மதித்தது என்பதை, அதன் தலைவர்கள் ஆற்றிய சொற்பொழிவுகளைக் காட்டிலும் அதன் கணக்கேடு தெளிவாகக் காட்டிவிடும்.

காவலருக்குரிய கூலி எங்கிருந்து வருகிறதோ, அந்தப் பக்கமே அவருடைய பார்வையும் திரும்புகிறது. நடந்து செல்வோரையும் சைக்கிளில் செல்வோரையும் காப்பாற்ற ஒரு நாடு உண்மையில் விரும்பினால், அதற்கென்று பொதுப் பணத்தை ஒதுக்கித் தரவேண்டும். குற்றவாளிகளிடம் வசூலித்துக்கொள் என்று விட்டுவிடக் கூடாது. இவ்வுண்மையை ஐக்கிய அமெரிக்க நாடு கற்றுக்கொண்ட கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உலகில் மோட்டார் வண்டி முதன்முதலாகப் பெருவாரியாகப் பரவிய நாடு அது. ஆதலால், பின்னர் மற்ற நாடுகளில் எழுந்த தொல்லைகள் பல அங்கே முன்னதாகவே எழுந்தன. அவற்றைத் தீர்க்க அந்நாட்டார் செய்த முயற்சிகளும், அம்முயற்சிகளில் கண்ட வெற்றி தோல்விகளும் நமக்குப் பாடமாக உள்ளன.

1899ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், நியூயார்க் நகரில் ஹென்றி பிளிஸ் என்பவர் டிராம் வண்டியிலிருந்து இறங்கினார். அவ்வழியே வந்த மின்சார வாடகை மோட்டார் ஒன்று அவர்மேல் மோதியது. மறுநாள் அவர் இறந்தார். அந்நாட்டில் மோட்டார் வண்டி மோதி உயிர் நீத்த முதல் மனிதர் அவரே என்று வரலாற்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. அவர் வண்டியில் சென்றுகொண்டிருந்தவர் அல்லர், வீதியில் கால் வைத்தவர் என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

அந்நாளில் வீதி எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. நடப்பவர், கூவி விற்பவர், குதிரை வண்டிக்காரர், சைக்கிள்காரர், விளையாடும் சிறுவர் ஆகிய அனைவரும் அதில் உரிமையுடன் உலவினர். 1908இல் ஹென்றி போர்டு தம்முடைய மலிவான மாடல் டி வண்டியை வெளியிட்டார். 1920களின் இறுதியில் அந்நாட்டில் 2 கோடிக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகள் ஓடின. நகரங்களில் அவ்வண்டிகளால் மாண்டவர்களிற் பெரும்பாலோர் நடந்து சென்றவர்கள். அவர்களிலும் சிறுவர் பலர். பல நகரங்களில் மக்கள் பிள்ளைகளை நினைந்து ஊர்வலம் சென்றனர். நினைவுச் சின்னங்களும் எழுப்பினர்.

1923ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரத்தார் துணிவான முயற்சி ஒன்று செய்தனர். மோட்டார் வண்டி எதுவும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓட முடியாதபடி ஒரு கருவியை அதிற் பொருத்த வேண்டுமென்று 42,000 பேர் கையொப்பமிட்டு விண்ணப்பம் செய்தனர். வாக்கெடுப்பு நடந்தது. மோட்டார் வியாபாரிகளும் மோட்டார் சங்கத்தாரும் திரண்டெழுந்து எதிர்த்தனர், திட்டம் தோற்றது. அதன்பின் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கிற்று. கண்ட இடத்தில் வீதியைக் கடப்பவரைக் குறிக்க, 'ஜேவாக்கர்' என்னும் ஏளனச் சொல் ஊரெங்கும் பரப்பப்பட்டது. பட்டணத்து வழக்கம் அறியாத பட்டிக்காட்டான் போல நடப்பவன் என்பது அதன் கருத்து. 1925இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் நடப்பவர்களைக் கட்டுப்படுத்தும் கடுமையான விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வண்டிக்குக் கடிவாளம் இட முயன்ற நாட்டில், இரண்டே ஆண்டுகளில் நடப்பவனுக்குக் கடிவாளம் இடப்பட்டது!

சட்டம் இயற்றும் வேலை ஒருவாறு நடந்தது. 1924இல் வாணிக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், வீதிப் பாதுகாப்பைப் பற்றி ஆராயத் தேசிய மாநாடு ஒன்றைக் கூட்டினார். மாநிலந்தோறும் வேறு வேறாக இருந்த விதிகளை ஒருமுகப்படுத்த மாதிரிச் சட்டங்கள் வகுக்கப்பட்டன. ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா? விதிகளை நடைமுறையில் காப்பவர் யார்? சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் இருந்த சில காவலர்களே. அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதைப் பற்றி மாதிரிச் சட்டம் ஒன்றும் பேசவில்லை.

சாலை போடுவதற்குப் பணம் இல்லாமற் போகவில்லை. 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சாலை நிதி வழங்கத் தொடங்கிற்று. 1956இல் ஐசனோவர் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், 41,000 மைல் நீளமுள்ள பெருஞ்சாலைகளுக்கு வழிசெய்தது. செலவில் 100க்கு 90 பங்கை மத்திய அரசே ஏற்றது. தார் போடவும் பாலம் கட்டவும் பணம் ஆறாக ஓடியது. அச்சாலைகளின் ஓரத்தில் நடப்பவனைக் காக்கும் காவலுக்கோ ஊற்றுக்கூட இல்லை.

பசித்தவன் தானே வழி தேடிக்கொள்வான். ஊராட்சிகளும் தேடிக்கொண்டன, அந்த வழியே அபராதம். நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள ஒரு சிற்றூர், தன் எல்லையில் வேக வரம்பைத் திடீரெனக் குறைத்துவிடும். பலகை கண்ணிற்படுமுன்னே வண்டி வரம்பைக் கடந்துவிடும். மறைவில் நின்ற காவலர் வெளிப்பட்டு அபராதச் சீட்டு எழுதுவார். அமெரிக்கர் இதற்கு 'வேகப் பொறி' என்று பெயரிட்டனர். எலிப்பொறியைப் போன்றது அது. எலி வராமற் போனால் பொறி வைத்தவனுக்கு மகிழ்ச்சியா, வருத்தமா என்று சிந்தியுங்கள்.

ஒகையோ மாநிலத்தில் இவ்வழக்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே சிற்றூர்த் தலைவரே நீதிபதியாகவும் அமர்ந்து சிறு வழக்குகளை விசாரிக்கலாம். 1927இல் இவ்வகை வழக்கு ஒன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. அது மதுவிலக்குக் குற்றம் பற்றியது. குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் மட்டுமே அத்தலைவருக்கு ஒரு தொகை கிடைக்கும். விடுதலை செய்தால் ஒன்றும் கிடையாது. அத்தகையவர் நடுவுநிலையோடு தீர்ப்புக் கூற இயலாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

தலைவரின் சொந்தப் பைக்குப் பணம் செல்லாமல், ஊரின் பொதுப் பைக்குச் சென்றால் குற்றமில்லையா? அதே மாநிலத்து மன்ரோவில் என்னும் சிற்றூரிலிருந்து இந்தக் கேள்வி எழுந்தது. அங்கே போக்குவரத்துக் குற்றங்கள் இரண்டிற்காக வார்டு என்பவருக்கு 50 டாலர் வீதம் அபராதம் விதிக்கப்பட்டது. விதித்தவர் ஊர்த் தலைவர். ஊரின் வரவு செலவிற்குப் பொறுப்பானவரும் அவரே. 1964ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தனர். ஊரின் மொத்த வருவாய் ஏறத்தாழ 46,000 டாலர். அதில் ஏறத்தாழ 23,500 டாலர், அதாவது சரிபாதிக்கு மேல், அவருடைய நீதிமன்றத்தில் வசூலான அபராதமும் கட்டணங்களுமே! 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரின் கருவூலத்தை நிரப்பும் கடமையுள்ளவர், அக்கருவூலத்தை நிரப்பும் வழக்குகளில் நடுவராக இருத்தல் தகாது என்பதே அதன் சாரம். ஊர்க் கணக்கேடு நீதி வரலாற்றின் ஆவணமாக மாறிய கதை இது.

அதே ஒகையோவில் நியூ ரோம் என்றொரு சிற்றூர் இருந்தது. மக்கள்தொகை சுமார் 60. நெடுஞ்சாலையில் ஒரு சிறு துண்டு மட்டுமே அதன் எல்லைக்குள் கிடந்தது. அத்துண்டில் வேக வரம்பைக் குறைத்து வைத்துக்கொண்டு, அபராதப் பணத்திலேயே அவ்வூர் தன் காவற்படையை நடத்தியது. வெறுப்பு முற்றியது, 2004இல் நீதிமன்ற ஆணைப்படி அவ்வூராட்சியே கலைக்கப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் இறுதியில் வேலிதான் பிடுங்கப்படும்.

இதையெல்லாம் படிக்கும்போது என் இளமைக் காலம் எனக்கு நினைவுக்கு வருகிறது. நான் ஆசிரியப் பணியேற்ற சிறு நகரில், மாலை மயங்கியதும் பாலத்தடியில் இரு காவலர் நிற்பர். விளக்கில்லாத சைக்கிள், இருவர் ஏறிய சைக்கிள் இவற்றைப் பிடித்து அபராதம் எழுதுவர். மாதக் கடைசியில் இந்த வேட்டை மும்முரமாகும் என்று ஊரார் சொல்வார்கள். ஆலைத் தொழிலாளரும் பால்காரரும் அவ்விடம் வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். பாலம் தாண்டியதும் மீண்டும் ஏறிக்கொள்வார்கள். விளக்கு வாங்க வேண்டும் என்ற எண்ணம் அதனால் எவருக்கும் பிறக்கவில்லை. பாலத்தடியில் இறங்க வேண்டும் என்ற எண்ணமே பிறந்தது. பள்ளி விடும் நேரத்தில் வாயிலில் ஒரு காவலரை நிறுத்தித் தரும்படி நாங்கள் எழுதிய கடிதங்களுக்கு, ஆள் இல்லை என்றே விடை வந்தது. சாரணப் பிள்ளைகள் நால்வரிடம் கயிற்றைக் கொடுத்து, அதைக் குறுக்கே பிடிக்கச் செய்து, சிறு வகுப்புக் குழந்தைகளை நாங்களே கடத்திவிட்டோம். அந்தக் காவலர்களை நான் குறை கூறவில்லை. பள்ளி வாயிலில் நிற்பவரால் ஒரு காசும் வரவில்லை. பாலத்தடியில் நிற்பவரால் வந்தது. அவ்வளவே.

மீண்டும் அமெரிக்காவிற்கு வருவோம். 1960களின் நடுவில் அந்நாட்டுச் சாலைகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50,000 பேர் மடிந்துகொண்டிருந்தனர். 1965இல் ரால்ப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர், மோட்டார் வண்டிகளின் அமைப்பிலேயே உள்ள குறைகளை எடுத்துக்காட்டி ஒரு நூல் வெளியிட்டார்; அது நாட்டையே உலுக்கிற்று. 1966 செப்டம்பர் 9ஆம் நாள், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இரண்டு சட்டங்களில் ஒருங்கே கையொப்பமிட்டார். ஒன்று வண்டிகளின் பாதுகாப்பைப் பற்றியது. அதனை எல்லோரும் அறிவர். மற்றொன்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம். நம் பொருளுக்கு இன்றியமையாதது இதுவே. இவற்றை நிறைவேற்ற அமைக்கப்பட்ட அலுவலகத்தின் முதல் தலைவராக வில்லியம் ஹாடன் என்னும் மருத்துவர் நியமிக்கப்பட்டார். சாலை விபத்தை விதியின் விளையாட்டு என்று கொள்ளாமல், நோயைப் போல ஆராய்ந்து தடுக்கத்தக்கது என்று கருதியவர் அவர்.

இரண்டாம் சட்டத்தின் 402ஆம் பிரிவு செய்த ஏற்பாடு இது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும். அதற்கு மாநில ஆளுநரே பொறுப்பு. திட்டம் ஏற்கப்பட்டால் மத்திய அரசு நிதி வழங்கும். பின்னர் நிலைபெற்ற முறைப்படி, 4இல் 3 பங்கு நிதி மக்கள்தொகையைக் கொண்டும், மீதி 1 பங்கு பொதுச் சாலைகளின் நீளத்தைக் கொண்டும் மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. இவ்வளவோடு நின்றிருந்தால் பணம் மாநிலத் தலைநகரத்து அலுவலகங்களிலேயே தங்கிப்போயிருக்கும். சட்டம் செய்தோர் இதனை எதிர்பார்த்து, மற்றொரு விதியும் சேர்த்தனர். மாநிலத்திற்கு வரும் நிதியில் குறைந்தது 100க்கு 40 பங்கு, ஊர்களும் நகரங்களும் மாவட்டங்களுமாகிய உள்ளாட்சிகளின் திட்டங்களுக்கே செலவாக வேண்டும்.

இந்த 40 பங்கின் பெருமையை நீங்கள் உணர வேண்டும். விபத்து தலைநகரத்துக் கோப்பிலா நடக்கிறது? ஊர்க் கடைத்தெருவில் நடக்கிறது; பள்ளிக்கூடத்து முனையில் நடக்கிறது. எந்த முனையில் எந்நேரத்தில் ஆபத்து என்பதை அறிந்தவர் அவ்வூர்க் காவலரே. அவருக்குப் பயிற்சி, வேகத்தை அளக்கும் கருவி, குடித்துவிட்டு ஓட்டுபவரைக் கண்டறியும் கருவி, மிகைநேர வேலைக்கு ஊதியம், பள்ளிகளில் பாதுகாப்புக் கல்வி ஆகிய இவற்றிற்கெல்லாம் இந்நிதி உதவியது. அன்றியும், இந்நிதிக்கும் அபராதத்திற்கும் தொடர்பில்லை. மக்கள் விதியைப் பேணி நடந்து, அபராதமே இல்லாமற் போனாலும் நிதி குறைவதில்லை. எலி வராவிட்டாலும் காவலருக்குக் கஞ்சி உண்டு. ஆகவே அவர் மறைவிடம் தேட வேண்டியதில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பள்ளி முனையில் நிற்கலாம்.

எனினும், ஒரு குறை இருந்தது. இந்தச் சட்டம் நடப்பவர்களை மறந்துவிடவில்லை. ஆனால், அவர்களுடைய நடத்தையை மேம்படுத்துவது பற்றியே பேசியது. சைக்கிள் பாதுகாப்பு என்ற சொல் பின்னரே அதிற் சேர்ந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலை நிதியின் ஒரு பகுதியைச் சைக்கிள் பாதைக்கும் நடைபாதைக்கும் செலவிட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு மாநிலமும் சைக்கிளில் செல்வோருக்கும் நடந்து செல்வோருக்கும் என்றே ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றது. பெயர் சொல்லி அழைத்தால்தான் பந்தியில் இலை கிடைக்கும் என்பதை அவர்கள் மெல்ல மெல்ல உணர்ந்தனர்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த இலை கிடைத்த கதை சுவையானது. டென்மார்க்கு நாட்டின் ஓடென்சே நகரில் 1970களில், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழிகளை ஆராய்ந்து, ஆபத்தான இடங்களைச் செப்பனிடும் வேலை தொடங்கியது. இக்கருத்து பின்னர் அமெரிக்காவிற்கு வந்தது. மினசோட்டாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜேம்ஸ் ஓபர்ஸ்டார் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் இதற்கு ஆதரவாக நின்றார். 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்திலும், மாசசூசெட்சின் ஆர்லிங்டன் ஊரிலும் தலா 50,000 டாலர் செலவில் சோதனை நடைபெற்றது. 2005இல் இது நாடு முழுவதற்கும் உரிய திட்டமாயிற்று. 5 ஆண்டுகளுக்கு 61 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. உள்ளூர் தன் பங்காக ஒரு டாலரும் போட வேண்டியதில்லை. பெரும் பகுதி நடைபாதை, கடவை முதலிய வேலைகளுக்கு. 100க்கு 10 முதல் 30 பங்கு வரை கல்விக்கும், ஊக்குவிப்புக்கும், பள்ளியைச் சுற்றியுள்ள போக்குவரத்துக் காவலுக்கும் என்று வகுக்கப்பட்டது. பாதை போடுவதும் காவல் நிற்பதும் பிள்ளைக்குக் கற்பிப்பதும் ஒரே கணக்கில் இடம்பெற்றதே இதன் சிறப்பு.

ஆனால், 2012இல் புதிய சட்டம் வந்தபோது இத்திட்டம் தனி நிதியை இழந்தது. வேறு திட்டங்களோடு ஒரே தொகுப்பிற் சேர்க்கப்பட்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வகையில் உதவியது. ஒரு மாநிலத்தில் சாலையில் இறப்போரில் 100க்கு 15 பேருக்கு மேல் நடப்பவரும் சைக்கிளில் செல்பவருமாக இருந்தால், அம்மாநிலத்திற்குத் தனி நிதி உண்டு. அச்சட்டப்படி அதனைக் காவலர் பயிற்சிக்கும், விதிகளை நடைமுறைப்படுத்தவும், மக்களுக்கு எடுத்துரைக்கவுமே பயன்படுத்த முடிந்தது. 2021இல் இயற்றப்பட்ட சட்டம் உள்ளாட்சிகளுக்கு நேரடியாகவே 5 ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் வீதிப் பாதுகாப்பு நிதி ஒதுக்கியது.

இவ்வளவும் செய்த பின்னர் அந்நாட்டு வீதிகளில் நடப்போர் நலமாக இருக்கிறார்களா? வரலாற்று ஆசிரியன் இனிப்பான பகுதியோடு கதையை நிறுத்திவிடக் கூடாது. 2009ஆம் ஆண்டில் அங்கே வண்டி மோதி மாண்ட பாதசாரிகள் ஏறத்தாழ 4,100 பேர். 2022ஆம் ஆண்டில் அத்தொகை 7,500க்கு மேல் ஏறிவிட்டது. 4இல் 3 பங்கு மரணங்கள் இருட்டில் நிகழ்ந்தவை. அகன்ற சாலைகள், விளக்கும் கடவையும் இல்லாத நெடுந்தொலைவுகள், உயரமும் எடையும் மிகுந்த வண்டிகள் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. காவல் ஒன்றினால் மட்டும் இவற்றை மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால், காவலும் எல்லா இடத்திலும் காவலாக இருக்கவில்லை. ஏனெனில், மத்திய நிதி வந்தபோதிலும் பழைய அபராத வழி அடைக்கப்படவில்லை.

மிசௌரி மாநிலத்துப் பெர்குசன் நகரம் இதற்குச் சான்று. 2014 ஆகஸ்டு 9ஆம் நாள், மைக்கேல் பிரௌன் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞர் தம் நண்பரோடு வீதியின் நடுவே நடந்து சென்றார். காவலர் ஒருவர் அவரை ஓரமாகச் செல்லும்படி சொன்னார். அங்கே தொடங்கிய மோதல், அவ்விளைஞர் சுடப்பட்டு இறந்ததில் முடிந்தது. அதன்பின் மத்திய அரசின் நீதித்துறை அந்நகரத்துக் காவலின் நிலையை விரிவாக ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையின் ஒரு பகுதி நகரத்தின் கணக்கேடு. 2010ஆம் நிதியாண்டில் பொது நிதி வருவாயாகிய 1 கோடியே 10 லட்சம் டாலரில், அபராதங்களும் கட்டணங்களும் ஏறத்தாழ 13 லட்சத்து 80 ஆயிரம். 2015ஆம் நிதியாண்டில் 1 கோடியே 32 லட்சத்தில் 30 லட்சத்து 90 ஆயிரம் வரும் என்று நகரத்தார் எதிர்பார்த்துத் திட்டமிட்டிருந்தனர். குற்றம் நடக்குமுன்னே அபராதத்தை வரவில் எழுதி வைத்தனர்! அபராதச் சீட்டுகள் கூடாவிட்டால் வருவாயைக் கூட்டுவது கடினம் என்று நிதி அதிகாரி காவல் தலைவருக்கு எழுதிய கடிதமும் வெளிவந்தது.

அந்நகரில் 'வீதியில் நடக்கும் முறை' என்றே ஒரு குற்றம் இருந்தது. அக்குற்றம் சாட்டப்பட்டவர்களில் 100க்கு 95 பேர் கறுப்பின மக்கள். நகர மக்கள்தொகையில் அவர்கள் 100க்கு 67 பேரே. நடப்பவனைக் காக்க வேண்டிய விதி, நடப்பவனிடமிருந்தே பணம் பறிக்கும் கருவியாயிற்று. காவலரைக் கண்டால் அஞ்சி ஒதுங்குவோர், விபத்து நேரும்போது அவரை எப்படி நம்பி அழைப்பார்கள்?

அதே ஆண்டில் மிசௌரி மாநிலம், ஓர் ஊர் தன் வருவாயில் இவ்வளவு பங்குக்கு மேல் போக்குவரத்து அபராதத்திலிருந்து பெறக் கூடாது என்று முன்பே தான் விதித்திருந்த வரம்பை மேலும் குறைத்தது. வேறு மாநிலங்கள் நடப்பவர்மீது இருந்த விதியையே திருத்தின. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல், உடனடி ஆபத்து இருந்தாலன்றி, கண்ட இடத்தில் கடந்ததற்காக மட்டும் ஒருவரைக் காவலர் தடுக்க முடியாது. நியூயார்க் நகரமும் 2024இல் அப்பழைய விதியை நீக்கியது. 1899இல் ஹென்றி பிளிஸ் உயிர் நீத்த நகரம் அதுவே. நூறாண்டுக்கு முன் ஏளனச் சொல்லாகப் பிறந்த குற்றம் இவ்வாறு ஒவ்வோரிடமாக விலகிவருகிறது.

மாணவ நண்பர்களே, அபராதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளி முனையில் விரைந்து வண்டி ஓட்டுபவரைத் தண்டிக்கத்தான் வேண்டும். தண்டனை வேறு, வருமானம் வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் கேடு. அபராதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால், அதனைத் தோல்வி என்று கருதாமல் வெற்றி என்று கொண்டாடக்கூடிய ஊரே நல்ல ஊர். அவ்வாறு கொண்டாட வேண்டுமானால், காவலுக்கு வேறு பணம் இருக்க வேண்டும்.

உங்களில் சிலர் நாளை நகராட்சி உறுப்பினர் ஆவீர்கள். சிலர் காவல் அதிகாரிகளும், சிலர் பத்திரிகையாசிரியர்களும் ஆவீர்கள். வரவு செலவுத் திட்டம் என்னும் தடித்த புத்தகம் அப்போது உங்கள் மேசைக்கு வரும். அதைப் புரட்டும்போது மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள். வீதிக் காவலுக்குரிய பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது? அது தலைநகரத்தில் தங்குகிறதா, ஊர் முனைக்கு வந்து சேருகிறதா? நடப்பவர், சைக்கிளில் செல்பவர் என்ற பெயர்கள் அதில் எந்தப் பக்கத்திலாவது எழுதப்பட்டிருக்கின்றனவா? மூன்றிற்கும் நல்ல விடை கிடைக்கும் ஊரில், பள்ளிப் பிள்ளைகளைக் கடத்திவிட ஆசிரியர்கள் கயிறு தேட வேண்டியிராது.